கிளறாதீர்கள்

போன ஞாயிற்றுக்கிழமை ஓசூரில், பாகலூர் சாலைப் பக்கம் ஒரு வீட்டில், வறுவலாக அடுப்பேறிய அரைக் கிலோ உருளைக்கிழங்கு உப்புமாவாக இறங்கியது. அந்த வீட்டுக்காரர்தான் இதை எழுதுகிறார். கோபம் இன்னும் ஆறாததால் தன்னைத் தானே படர்க்கையில் நிறுத்திவைத்திருக்கிறார். படர்க்கையில் நின்றால் கொஞ்சம் மரியாதையாகப் பேச வரும் என்று ஒரு நம்பிக்கை.

கிழங்கை மொறுமொறுவென்று வறுக்கும் வழி அவருக்குத் தெரியும். அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. அதற்கு முன் கிளறுகிறவர்களைப் பற்றி இரண்டு வார்த்தை.

அடுப்பில் ரசம் கொதித்தால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. பால் பொங்கினால் கூடத்திலிருந்து குரல் வரும், ஆள் வராது. வடச்சட்டியில் உருளைக்கிழங்கு கிடந்தால் மட்டும் அந்தப் பக்கம் போகிற யாருக்கும் கை சும்மா இருக்காது. மாமியார் தண்ணீர் குடிக்க வந்தார்; குடித்தார்; கிளறினார். சிப்காட்டில் இரவு ஷிப்ட் முடித்துக் கண் சிவந்து வந்த மைத்துனர், ஷூவைக் கழற்றுவதற்கு முன்பே கிளறினார். வாங்கிப்போன இட்லித் தட்டைத் திருப்பிக் கொடுக்க வந்த மாடிவீட்டு அக்கா, "பல்ய மாட்தா இதீரா?" என்று, பல்யா செய்கிறீர்களா எனக் கன்னடத்தில் கேட்டுக்கொண்டே கிளறினார். தண்ணீர் கேன் போட வந்த பையன், கை ஈரமாக இருந்ததால், கண்ணாலேயே ஒரு சுற்றுக் கிளறிவிட்டுப் போனான்.

"அத்தை, விடுங்க, அது பாட்டுக்கு வேகட்டும்."

"அடி பிடிக்குது மாப்பிள்ளை."

அடி பிடிக்கத்தானே வைத்திருக்கிறார்! அந்த அடிதானே மொறுமொறுப்பு!

கிளறுகிறவர்களில் வகை உண்டு. மேலாகப் புரட்டுகிறவர் சாது, அவரை மன்னிக்கலாம். கரண்டியைச் சட்டியின் அடிவரை விட்டுச் சுரண்டுகிறவர் அடுத்த வகை. வெந்ததா என்று பார்க்க ஒரு துண்டைக் கரண்டி முனையால் வெட்டி, பாதியை வாயில் போட்டு, மீதியைச் சட்டியில் விடுகிறவர் மூன்றாவது. இந்த 'வெந்ததா' சோதனையில் வேகாத கிழங்கும் காலியாவதுதான் வேடிக்கை. தீயைக் குறைத்துவிட்டுப் போகிறவர், போகிற போக்கில் கைத்தண்ணீர் தெளிக்கிறவர் என்று பட்டியல் நீளும். எல்லோருக்கும் மேலே, சட்டியைத் தட்டுப் போட்டு மூடிவிட்டு, நல்ல காரியம் செய்த நிறைவோடு டிவி பார்க்கப் போகிறவர் இருக்கிறாரே, அவரைப் பற்றிப் படர்க்கையில்கூட மரியாதையாக எழுத வரவில்லை.

உருளைக்கிழங்கில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர். அது மேற்பரப்பிலிருந்து ஆவியாகி ஓடினால்தான் தோல் காய்ந்து சூடேறிச் சிவக்கும். அமினோ அமிலமும் சர்க்கரையும் சூட்டில் சேர்ந்து இப்படி நிறமும் மணமும் தருவதை லூயி காமில் மெய்லார்டு என்ற பிரெஞ்சுக்காரர் 1912இல் எழுதிவைத்தார். அவருடைய சோதனைக் குழாயை ஒன்றுவிட்ட சித்தி யாரும் கிளறியிருக்க மாட்டார். கிளறக் கிளறத் துண்டின் விளிம்பு உடைகிறது, மாவு கசிகிறது, சட்டி ஆறுகிறது. மூடி போட்டால் ஓட வேண்டிய தண்ணீர் அங்கேயே சொட்டுகிறது.

கிழங்கின் மீதும் குற்றம் உண்டு. கோலார், மாலூர் பக்கத்துக் கிழங்கு, மேட்டுப்பாளையம் மண்டி வழியாக வரும் ஊட்டிக் கிழங்கு, குளிர்பதனக் கிடங்கிலிருந்து வரும் ஆக்ராக் கிழங்கு எல்லாம் ஓசூரில் கிடைக்கும். ஆக்ராக் கிழங்கை இரண்டு முதல் நான்கு டிகிரிக் குளிரில் அடைத்துவைப்பார்கள். அந்தக் குளிரில் மாவுச்சத்து சர்க்கரையாகும். எண்ணெயில் போட்டால் உள்ளே வேகுமுன் வெளியே கறுக்கும். சிப்ஸ்காரர்கள் விவரமானவர்கள்: பத்து, பன்னிரண்டு டிகிரியில் வைத்துக்கொள்கிறார்கள், அவர்களுக்கென்றே 1998இல் குஃப்ரி சிப்சோனா ரகங்கள் வந்தன. வீட்டில் வறுக்கிறவருக்கென்று ஒரு ரகமும் வந்தபாடில்லை. கடைக்காரரைக் கேட்டால் செம்மண் ஒட்டியதெல்லாம் ஊட்டி என்கிறார். தளியிலிருந்து சூளகிரிவரை எங்கே கையை வைத்தாலும் செம்மண் ஒட்டுகிற ஊரில் இது ஒரு சான்றா?

1820களில் நீலகிரியில் உருளை பயிரிட வைத்த ஜான் சல்லிவனைத் திட்டிப் பயனில்லை. இந்தக் கிளறலுக்கு மாநில எல்லைதான் காரணம் என்பது வீட்டுக்காரருடைய கட்சி. ஜூஜுவாடியைத் தாண்டினால் அத்திப்பள்ளி. அங்கிருந்து பெங்களூரு காந்தி பஜாரில் 1943 முதல் நடக்கும் வித்யார்த்தி பவன் வரைக்கும் மசால் தோசைக்குள் கிழங்கு மசிந்தே கிடக்கும். பல்யாவுக்கு அதுதான் அழகு: வேகவைத்து, உரித்து, மசித்து, வெங்காயம், மஞ்சள் சேர்த்து எவ்வளவு வேண்டுமானாலும் கிளறலாம். இன்னொரு பக்கம், சிப்காட் சுற்றுவட்டாரத்து வாடகை அறைகளில் பீகார்த் தம்பிகள் வெந்த கிழங்கைக் கடுகெண்ணெய், பச்சைமிளகாயோடு கையால் பிசைந்து சோக்கா செய்துவிடுகிறார்கள். அடுப்பில் கிளற வேலையே இல்லை. தெற்கே ரோஸ்ட் தின்று வளர்ந்தவர் மட்டும் நடுவில் கரண்டிக்குக் காவல் நிற்கிறார். ஓசூரில் எந்திரம் ஓடும்போது யாரும் கை விடக் கூடாது என்று தொழிற்சாலைதோறும் பலகை இருக்கிறது. அதே ஊழியர்கள்தான் வீட்டுக்கு வந்து சட்டியில் கரண்டி விடுகிறார்கள்.

இனி, மொறுமொறுப்பின் வழி. நறுக்கிய துண்டுகளை இரண்டு தண்ணீரில் அலசி மாவைப் போக்கி, உலர்ந்த பருத்தித் துணியில் ஈரம் ஒற்றி எடுக்க வேண்டும். அதற்கென்றே வெள்ளைத் துண்டு ஒன்றைத் தனியாக மடித்து வைத்திருந்தார். மைத்துனர் அதை எடுத்துப் போய்ப் பைக்கைத் துடைத்திருக்கிறார். கேட்டால், "ஓசூர்லயே செஞ்ச வண்டி மாமா, பளபளன்னு வெச்சுக்க வேணாமா?" என்கிறார். கிழங்கு மட்டும் என்ன, லண்டனிலிருந்தா வந்தது?