விசிறிப் புணரியல்

இவ்வியல் என்னுதலிற்றோ எனின், கடையில் விற்கும் பொது விசிறியைத் தனக்கென்று தனி கனெக்டர் வைத்துக்கொண்டிருக்கும் கம்பெனிக் கணினியில் சேர்க்கும் முறை உணர்த்துதல் நுதலிற்று. நிலைமொழி மதர்போர்டு, வருமொழி விசிறி. இரண்டும் கூடுமிடத்தில் தோன்றல், திரிதல், கெடுதல் மூன்றும் நிகழும். சில வேளை புகையும் வரும். பழைய இலக்கணிகள் புகைக்கு விதி செய்யாமல் போனதற்கு, அவர்கள் காலத்தில் மின்சாரம் இல்லாததே காரணம்.

முதலில் இயல்புப் புணர்ச்சி. பொது விசிறியில் நான்கு ஒயர்கள்: கிரவுண்டு, 12 வோல்ட், சுழற்சிக் கணக்கு, வேகக் கட்டளை. பொது மதர்போர்டிலும் அதே வரிசையில் 4 பின். பின்னுக்குப் பின் இடைவெளி 2.54 மி.மீ. செருகினால் தீர்ந்தது. இதற்கான விதிநூலை எழுதியது இன்டெல். அதன் 1.3ஆம் பதிப்பு 2005 செப்டம்பரில் வந்தது. வேகக் கட்டளைத் துடிப்பு 25 கிலோஹெர்ட்ஸில் போக வேண்டும் என்கிறது அது. மனிதக் காது 20 கிலோஹெர்ட்ஸோடு நின்றுவிடுவதால், விசிறிக்கு இடும் ஆணை வீட்டார் காதில் விழாது. கட்டளை ஒயர் இணைக்கப்படாவிட்டால் விசிறி முழுவேகத்தில் ஓட வேண்டும் என்பது இன்னொரு விதி. மேனேஜர் லீவு போட்ட நாளில் முழுவேகத்தில் ஓடும் ஒரே ஊழியர் இதுதான்.

3 பின் விசிறியை 4 பின் தலையில் செருகும்போது ஒரு பின் சும்மா நிற்கும். இது கெடுதல் விகாரம் என்பாரும் உளர். அது பொருந்தாது. விசிறி சுற்றுகிறது, கெட்டது எதுவுமில்லை.

இனி விகாரப் புணர்ச்சி. பெரிய கம்பெனிகள் அலுவலகங்களுக்கென்று செய்யும் பெட்டிகள், அங்கே சில ஆண்டுகள் உழைத்து ஓய்ந்து, சென்னை ரிச்சி தெரு போன்ற இடங்களில் மறுபிறவி எடுக்கின்றன. உள்ளே எல்லாம் நன்றாக இருக்கும். விசிறி மட்டும் கரகரக்கும். மாற்றலாம் என்று திறந்தால், டெல், எச்பி பெட்டிகள் சிலவற்றில் 5 பின் கனெக்டர் இருக்கும். 4 பின்னே இருந்தாலும் வரிசை வேறாகவோ பிளக் சிறிதாகவோ இருக்கும்.

ஐந்தாம் பின் யாது? இவ்வாராய்ச்சியின் உயிர்நாடி இக்கேள்வியே. விசிறியை ஓட்டும் மின்சாரம் அதில் வராது. காற்றுக்கும் அதற்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. பல மாடல்களில் அது விசிறியின் பக்கம் கிரவுண்டு ஒயரோடு சேர்த்துக் கட்டப்பட்டிருக்கும். அதை வைத்து, ‘வந்திருப்பது நம்ம ஆள்தான்’ என்று மதர்போர்டு தெரிந்துகொள்கிறது. அந்தச் சாட்சி இல்லையென்றால், விசிறி எவ்வளவு காற்று வீசினாலும், விசிறி பழுது என்று திரையில் எழுதிவிட்டு, எஃப்1 அழுத்தும்வரை கணினி நகராது. கணினி கேட்பது காற்று அன்று, அடையாள அட்டை என்பது இக்கட்டுரையாளர் துணிபு.

ஐந்தாம் பின்னையும் கிரவுண்டையும் ஒரு துண்டு ஒயரால் இணைத்தால் பெரும்பாலும் கணினி சமாதானமாகிவிடும். தோன்றல் விகாரம் இதுவே. இது ஆள்மாறாட்டம் என்பர் ஒரு சாரார். சித்திரை வெயிலில் அக்கருத்து நிற்பதில்லை. ஆனால் சில மாடல்களில் அந்தப் பின் எதோடும் சேராமல் இருந்தாக வேண்டும். ஆகவே பழைய பிளக்கில் எப்படி இருந்ததோ அப்படியே காப்பது நெறி.

சாட்சி சொல்லியும் தீராத வழக்கு ஒன்று உண்டு. விசிறி ஒரு சுற்றுக்கு இரண்டு துடிப்பு அனுப்பும். நிமிடத்துக்கு 1200 சுற்று என்றால் நொடிக்கு 40 துடிப்பு. பயாஸ் இதை எண்ணிக்கொண்டே இருக்கும். சத்தமில்லாத விசிறி என்று விலை கொடுத்து வாங்கியது 500 சுற்றில் மெதுவாகச் சுழன்றால், சில கம்பெனிப் பெட்டிகள் அதைச் செத்ததாகவே கணக்கெழுதும். எனவே கொஞ்சம் இரையும் விசிறியே இங்கு உத்தமம்.

கடா: கம்பெனி விசிறியையே வாங்கினால் என்ன? விடை: “சார், இதுக்குக் கம்பெனி ஃபேன்தான் சேரும்” என்பார் கடைக்காரர். கையிருப்பைக் கேட்டால், “அது இப்ப வர்றதில்ல சார்” என்பார். அதற்குமேல் கடாவுக்கு இடமில்லை.

செய்முறையில் கருத்தூன்றத்தக்கது திரிதல். பிளக்கின் பக்கவாட்டில் ஒவ்வொரு ஒயருக்கும் சின்ன ஜன்னல் இருக்கும். உள்ளே உலோக நாக்கு ஒன்று மின்னும். தையல் ஊசியால் அதை அமுக்கிக்கொண்டே ஒயரை இழுத்தால் பின்னோடு கழன்று வரும். நாக்கை மறுபடி நிமிர்த்தி, வேண்டிய ஓட்டையில் தள்ளினால் ‘டிக்’ என்று உட்காரும். கத்தரி தேவையில்லை. பிளக்கின் உருவமே பொருந்தாவிட்டால்தான் பழைய பிளக்கை ஒயரோடு வெட்டி, புது விசிறியின் ஒயர்களோடு சால்டர் வைத்து, ஒவ்வொரு இணைப்புக்கும் தனித்தனியாக ஹீட் ஷ்ரிங்க் ட்யூப் போட வேண்டும்.

எந்த ஒயர் எது என்பதில் நிறத்தை நம்பற்க. இன்டெல் விதிநூலில் கறுப்பு, மஞ்சள், பச்சை, நீலம்; கம்பெனி விசிறியில் அவரவர் விருப்பம். பழைய விசிறியின் முதுகு ஸ்டிக்கரைப் பாருங்கள். அதை உண்மையில் செய்த டெல்டா, நிடெக் போன்றோரின் பெயரும் மாடல் எண்ணும் இருக்கும்; அந்த எண்ணுக்குரிய விவரத் தாள் கிடைத்தால் ஒயர் வரிசை அதில் உண்டு. எத்தனை ஆம்பியர் என்பதும் ஸ்டிக்கரிலேயே இருக்கும். புதியது அதைத் தாண்டக் கூடாது. பிறகு மதர்போர்டுப் பின்களில் மல்டிமீட்டர். கரண்ட் இல்லாதபோது பெட்டியின் இரும்போடு பீப் அடிப்பது கிரவுண்டு. கரண்ட் வந்தபின் 12 காட்டுவது 12. மற்ற இரண்டும் இடம் மாறினால் வேகக் கணக்கு குழம்பும், அவ்வளவுதான். 12 வோல்ட் போய்ச் சுழற்சிக் கணக்கு ஒயரில் ஏறினால், அதுவே கெடுதல்.

உருவப் பொருத்தம் பற்றிச் சுருங்கக் கூறின்: 120 மி.மீ. விசிறியில் திருகு ஓட்டைகளுக்கு இடையே 105 மி.மீ.; 92க்கு 82.5, 80க்கு 71.5. பொது விசிறியின் தடிமன் 25. கம்பெனி விசிறி சில 38. மிஞ்சும் இடைவெளியைக் கேபிள் டை பார்த்துக்கொள்ளும்.

புறனடை: மடிக்கணினி விசிறி பெரும்பாலும் 5 வோல்ட்டில் ஓடுவது, இவ்வியல் அதற்குச் செல்லாது. பவர் சப்ளைப் பெட்டிக்குள் இருக்கும் விசிறிக்கும் செல்லாது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதன் கெபாசிட்டர்களில் ஆளை அடிக்கும் மின்னழுத்தம் தங்கியிருக்கும். அதை மட்டும் திறக்காதீர்கள்.