மூச்சுப் பிடித்த தங்கம்

ஆசிய விளையாட்டுப் போட்டியிலிருந்து இந்தியா ஒரே ஒரு தங்கத்தோடு திரும்பியதாமே, நிஜமா? – ஒரு வாசகர், தேனி

நிஜம்தான். 1990, பெய்ஜிங். அந்த ஒன்றும் கபடியில் வந்தது. கபடி பதக்க விளையாட்டாகச் சேர்ந்ததே அந்த முறைதான்! ஏழு பேர் மூச்சைப் பிடித்ததால் நாடு கொஞ்சம் மூச்சு விட்டது.

அப்படியானால் 1986 சியோலில் மட்டும் என்ன வாழ்ந்ததாம்?

வாழவில்லை, ஓடியது. மொத்தம் ஐந்து தங்கம். அதில் மூன்று பி.டி. உஷா தனியாக ஓடி வாங்கியது. நான்காவது தொடர் ஓட்டம். அதிலும் அவர் உண்டு. மிச்சம் ஒன்று மல்யுத்தத்தில் கர்தார் சிங்குக்கு. கணக்குப் பார்த்தால் இந்திய அணி என்பது ஒரு ஜோடிக் கால், ஒரு ஜோடிக் கை!

இப்போது நூறைத் தாண்டிவிட்டோமே, கபடியை மறந்துவிடலாமா?

2018 ஜகார்த்தாவில் ஆண்கள், பெண்கள் இரண்டு கபடித் தங்கத்தையும் ஈரான் கொண்டுபோனபோது தூக்கம் வந்ததா உமக்கு? 2023-இல் ஹாங்சோவில் 28 தங்கத்தோடு 107 பதக்கம். அதில் நூறாவது எது தெரியுமோ? பெண்கள் கபடி. சீன தைபேயை வென்றது 26–25. ஒரே ஒரு புள்ளியில்.