தண்டவாளத் துண்டும் ஹேர் டிரையரும்

சாத்தான்குளத்தில் கொல்லுப்பட்டறை போட முதலீடு வேண்டாம். பழைய இரும்புக் கடையில் பேரம் பேசும் வாய் போதும். அடைகல்லுக்குத் தண்டவாளத் துண்டு (அது கடைக்கு எப்படி வந்தது என்று கேட்பது நாகரிகமல்ல). அருவாளுக்கு லாரிப் பட்டை. உலைக்குக் கார் சக்கரத்தின் டிஸ்க், துருத்திக்கு வீட்டம்மாவின் ஹேர் டிரையர். கரிக்குத்தான் ஊரைச் சுற்றி உடைமரம் நிற்கிறதே!

போதாததற்கு, நம் மாவட்டத்துச் சிவகளை இரும்புக்கு வயது 5,300 ஆண்டு என்று 2025 ஜனவரியில் அரசு அறிவித்தது. அன்றிலிருந்து சுத்தியல் பிடிக்காதவருக்கும் பரம்பரைக் கொல்லர் களை வந்துவிட்டது.

அப்படி ஒருவர் பனையேறி ஒருவருக்குப் பாளை அருவாள் அடித்தார். சுமார் 770 டிகிரியில் இரும்பில் காந்தம் ஒட்டாது. அதையும் தாண்டிச் சூடேற்றித் தோய்ப்பதுதான் கணக்கு. இவருக்குக் கணக்கு ஆகாது. வெள்ளையாகக் கொதித்ததை அப்படியே வாளித் தண்ணீரில் முக்கினார். ‘டிக்’ என்றது.

“அண்ணாச்சி, இது மரத்து உச்சியில போயி ஒடிஞ்சா நான் எதைப் பிடிக்க?” என்றார் பனையேறி.

அந்த அருவாள் இப்போது வரவேற்பறைச் சுவரில் தொங்குகிறது. விரிசலுக்குக் காரணம் தொன்மையாம்.