பூவில் பூச்சி

என் மதிலோரத்து நந்தியாவட்டையை நாள் தவறாமல் மொட்டையடித்துச் செல்லும் கனவான் ஒருவர், இன்று விடியற்காலையில் வழக்கத்துக்கு விரோதமாக வாசற்கதவைத் தட்டி, "சார், உங்க பூவிலே சிலந்தி இருக்கு, சுவாமி தலை வரைக்கும் ஏறிடுத்து. மருந்து கிருந்து அடிக்கப்படாதா?" என்று கோபித்துக்கொண்டு போனார். தானம் கொடுத்த மாட்டையே பல்லைப் பிடித்துப் பார்க்கலாகாது என்பார்கள். தானம் கொடுக்காத மாட்டை அவிழ்த்துக்கொண்டு போனவர் அதன் பல் சொத்தை என்று புகார் சொல்ல வந்தால் என்ன செய்வது என்பதற்கு இன்னும் பழமொழி ஏற்படவில்லை.

அவர் சொன்னது நண்டுச் சிலந்தியை. அந்த அற்ப ஜீவனிடம் நாம் கற்றுக்கொள்ள வேண்டிய தர்மம் ஒன்று உண்டு. அதைச் சொல்லத்தான் பேனாவை எடுத்தேன். அதற்கு முன் பூப்பறிப்போரைப் பற்றி ஒரு வார்த்தை.

மதிலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் கிளை பொதுச்சொத்து என்பது இவர்களுடைய முதல் சித்தாந்தம். உள்ளே இருக்கும் கிளையைத் தொரட்டியால் வெளியே இழுத்துவிட்டால் அதுவும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் கிளைதானே என்பது இரண்டாவது. பூ தீர்ந்தால் மொட்டு. மொட்டை ஈரத்துணியில் சுற்றிவைத்தால் சாயங்கால பூஜைக்கு மலர்ந்துவிடுமாம். தம் வீட்டுச் செம்பருத்தியை மட்டும் "கண்ணுக்கு அழகாக இருக்கட்டும்" என்று செடியிலேயே விட்டுவைத்திருப்பார்கள். கேட்டால், "புண்ணியம் செடி வைத்தவருக்கும் சேரும் சார்" என்கிறார்கள். அந்த 'உம்'மைத்தான் என்னால் ஜீரணிக்க முடியவில்லை. உரம் என்னுடையது, தண்ணீர் என்னுடையது, முதுகுவலி என்னுடையது. புண்ணியத்தில் மாத்திரம் எனக்குக் கூட்டுப்பங்கு! அதிலும் ஒரு அம்மாள் மூன்று கோயிலுக்கு என் பூவையே விநியோகம் செய்கிறார்; அப்படியானால் என் பங்கு மூன்று தடவை சேருமா, ஒரு தடவைதானா என்று விசாரித்ததற்கு, பகவானோடு கணக்குப் பார்க்கக் கூடாது என்று எனக்கே உபதேசம் செய்தார்.

சிலந்திக்கு வருவோம். அது வலை கட்டுவதில்லை. நீண்ட முன்னங்கால்கள் நான்கையும் அகல விரித்து, இதழோடு இதழாக அசையாமல் கிடந்து, தன்னிலும் பெரிய தேனீ வந்து அமர்ந்ததும் தழுவிப் பிடித்துப் பிடரியில் கடித்து, உள்ளிருப்பதை உறிஞ்சிவிட்டுக் கூட்டைச் சிதைக்காமல் உதறிவிடுகிறது. பூவில் தலையைப் புதைத்த தேனீ வெகுநேரம் நகரவில்லையென்றால் குனிந்து பாருங்கள். ஆஸ்திரேலிய வெள்ளை நண்டுச் சிலந்தி ஒன்று, நம் கண்ணுக்குப் பூவோடு கலந்துபோனாலும், புற ஊதா ஒளியைக் காணும் தேனீயின் கண்ணுக்குப் பளிச்சென்று தெரியுமாம்; அந்தக் கவர்ச்சியிலேயே தேனீ மயங்கி வருகிறது. 1757-லேயே ஸ்வீடன் தேசத்துச் சிலந்தி ஆராய்ச்சியாளர் கிளெர்க் ஏட்டில் பதிந்த ஐரோப்பிய இனமொன்று, வெள்ளைப் பூவில் வெள்ளையாகவும் மஞ்சள் பூவில் மஞ்சளாகவும் இருக்கும். ஆனால் வெள்ளை மஞ்சளாவதற்கு 10 நாளாவது பிடிக்கும். நான் சொல்ல வந்த தர்மம் இதுதான்: நிறம் மாறுவதிலும் ஒரு நிதானம் வேண்டும். நம் கனவான்களோ என் தலை ஜன்னலில் தெரிந்த மாத்திரத்திலேயே பரம பக்தர்களாக நிறம் மாறிவிடுகிறார்கள்.

மருந்து அடிப்பதாக உத்தேசமில்லை. பூவைப் பற்றிக் குறை சொல்ல வருகிறவர்கள் தயவுசெய்து ஆறு மணிக்கு மேல் வரவும். பறிக்கும்போது பூவை உதறி, சிலந்தியைச் செடியிலேயே விட்டுவிடவும். அது மனிதரை ஒன்றும் செய்யாது.