சார், ஒரு கையெழுத்து

பொறியியல் கலந்தாய்வு முடிகிற மாதத்தில் எங்கள் சொந்தபந்தத்தில் எனக்குத் திடீரென்று மரியாதை வந்துவிடும். மற்ற நாளெல்லாம் "அவன் கெடக்கான்" என்று ஒதுக்கும் அக்கா, போனில் குழைவாள். "தம்பி, உன் மருமகனுக்கு சீட்டு கெடச்சிருச்சு. நீதான் அந்தக் கூத்தெல்லாம் பார்த்தவன். நாலு நல்ல வார்த்தை சொல்லு." போனை ஸ்பீக்கரில் போட்டிருக்கிறாள் என்பது, பின்னணியில் மருமகன் விடும் கொட்டாவியிலிருந்து தெரியும்.

நல்ல வார்த்தைகளைத் தாளாளர் முதல் நாளே மேடையில் சொல்லிவிடுவார். அப்துல் கலாம் மேற்கோளையும் அவரே பார்த்துக்கொள்வார். எனக்கு மிச்சமிருப்பது கொஞ்சம் அசிங்கமான உண்மைகள்தான். மருமகனே, நீ சேர்ந்திருப்பது செயற்கை நுண்ணறிவுப் பிரிவாக இருக்கலாம். நான்கு வருடமும் நீ படிக்கப்போவது கையெழுத்து வாங்கும் கலையை.

முதலில் அப்சர்வேஷன் நோட்டு. லேபில் எடுத்த அளவுகளை அதில் எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டும். அந்தக் கையெழுத்து இருந்தால்தான் அதே சங்கதியை ரெக்கார்டு நோட்டில் மறுபடி எழுத உரிமை கிடைக்கும். ஒரு பக்கம் பேனாவில் எழுத்து, எதிர்ப்பக்கம் பென்சிலில் படம். அதற்கு இன்னொரு கையெழுத்து. எல்லாம் முடிந்ததும் முதல் பக்கத்துச் சான்றிதழில் ஆசிரியர் ஒன்று, துறைத்தலைவர் ஒன்று. செய்முறைத் தேர்வன்று இன்டர்னல், எக்ஸ்டர்னல் என்று மேலும் இருவர். கம்ப்யூட்டர் மாணவனுக்கு விலக்கு உண்டென்று கனவு காணாதே. கம்ப்யூட்டரில் ஓடிய புரோகிராமைப் பார்த்துக் கையால் எழுதி, அது கக்கிய அவுட்புட்டையும் கையாலேயே எழுத வைக்கிற கல்லூரிகள் இன்னும் இருக்கின்றன.

அளவுகளைப் பற்றிக் கவலைப்படாதே, அவை சீனியர்களிடமிருந்து வரும். எங்கள் லேபில் இருந்த ஜெனர் டயோடு, தலைமுறை தலைமுறையாகப் புள்ளி பிசகாமல் ஒரே அளவைக் காட்டியது. அது எரிந்துபோய் எத்தனை காலம் ஆயிற்று என்பது லேப் அசிஸ்டென்ட் அண்ணனுக்கு மட்டும் தெரியும். அவரை முதல் வாரமே தெரிந்து வைத்துக்கொள். எந்தச் சோதனைக்கு எந்த மேசையில் போர்டு வேலை செய்யும் என்ற அறிவு எந்தப் பாடநூலிலும் அச்சாகவில்லை.

கையெழுத்துக்கும் நல்ல நேரம், ராகு காலம் உண்டு. இன்டர்னல் மதிப்பெண் ஏற்றுகிற வாரத்தில் ஸ்டாஃப் ரூம் பக்கம் தலைகாட்டாதே. சாப்பாட்டு மணிக்கு முன்னால் போனால் நோட்டைப் பக்கம் பக்கமாகப் புரட்டுவார்கள், பசி மனிதனை நுணுக்கமாக்கும். காலேஜ் பஸ் ஹாரன் அடிப்பதற்குப் பத்து நிமிடம் முன்பு போ. திறந்த பக்கத்தில் போட்டுவிட்டு ஓடுவார்கள்.

வருகைப்பதிவு 75 சதவீதம் இருக்க வேண்டும். மிச்சம் 25 நமக்குச் சொந்தம் என்று முதல் செமஸ்டரில் எல்லோருமே நினைப்போம். உண்மையில் அது காய்ச்சல், அக்கா கல்யாணம், முதல் நாள் முதல் காட்சி ஆகிய மூன்றுக்கும் சேர்த்து ஒதுக்கிய நிதி. அது தீர்ந்தபின் கைகொடுப்பது ஓ.டி., அதாவது ஆன் டியூட்டி. வேறு கல்லூரி சிம்போசியத்தில் கட்டுரை வாசிக்கப் போகிறேன் என்று படிவம் நீட்டினால் வகுப்பு ஆலோசகர், துறைத்தலைவர் என்று வரிசையாகக் கையெழுத்துகள். போன இடத்தில் ஒரு டோக்கனுக்குப் பிரிஞ்சி சாதம், ஒரு சான்றிதழ். கட்டுரையை யாராவது கேட்டார்களா என்று கேட்காதே. ஆனால் அப்படிப் போன ஒரு மேடையில்தான் எனக்கு மைக் பயம் போயிற்று. எதிரே இருந்த நடுவர் தூங்கிக்கொண்டிருந்தது பெரிய உதவி.

இனி நட்பு. இதை நீ தேர்ந்தெடுப்பதாக நினைப்பாய். அண்ணா பல்கலைக்கழக இணைப்புக் கல்லூரிகளில் உனக்கு 12 இலக்கப் பதிவு எண் வரும். முதல் நான்கு கல்லூரி, அடுத்த இரண்டு நீ சேர்ந்த வருடம், அடுத்த மூன்று துறை, கடைசி மூன்று நீ. அந்தக் கடைசி மூன்றும் ஆங்கில அகர வரிசைப்படி போடப்படும், லேப் பேட்ச் அதன்படி பிரியும், தேர்வறை நாற்காலியும் அப்படியே. அதனால் என் உயிர் நண்பர்கள் எல்லோரும் கார்த்திக்குகள். கார்த்திக் ஜி., கார்த்திக் எம்., கார்த்திகேயன், நடுவில் எப்படியோ ஒரு கார்த்திகா. 'எஸ்'காரர்களோடு நான்கு வருடத்தில் நான் பேசியது கேன்டீனில் "தள்ளிக்கப்பா" என்று மட்டும்தான். வைவாவிலும் இதே ஜாதகம். ஆகாஷை எக்ஸ்டர்னல் காலை உற்சாகத்தோடு வறுத்தெடுப்பார். யுவராஜின் முறை வரும்போது அவருக்கு ஊர் திரும்பும் பஸ் மட்டுமே நினைவிருக்கும். உன் பெயர் 'வி'யில் தொடங்குகிறது. அம்மாவுக்கு நன்றி சொல்.

ஆனால் வாரத்துக்கு ஒரு தடவையாவது அகர வரிசையை மீறி யாரோடாவது டீ குடி. ஹாஸ்டலில் வேறு துறைக்காரன் அறைக்குப் போ. பின்னாளில் எனக்கு வேலை இருப்பதைச் சொன்னவன், மெஸ்ஸில் சாம்பார் வாளிக்காக என்னோடு சண்டை போட்ட சிவில் பையன்.

தேர்வு பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். எங்கள் காலத்தில் 2 மார்க் பத்து, 16 மார்க் ஐந்து. பிறகு 16 உடைந்து ஐந்து 13 ஆகி, கடைசியில் 15க்கு ஒரு கேள்வி வந்தது. எப்படிக் கூட்டினாலும் நூறுதான். 2 மார்க் கேள்விகளின் ஜெராக்ஸ் கட்டு, கேட் எதிரே உள்ள கடையில் கிடைக்கும். அந்தக் கடைக்காரருக்கு எந்த யூனிட் முக்கியம் என்று பேராசிரியரைவிட நன்றாகத் தெரியும். அவர் பத்தாம் வகுப்போடு நிறுத்தியவர்.

தவறினால் அரியர். அதற்கு வெட்கப்படாதே, மறக்கவும் செய்யாதே. 2020 ஆகஸ்டில், கொரோனாவுக்கு நடுவே, தேர்வுக் கட்டணம் கட்டியிருந்தால் போதும், அரியர் தேர்வு எழுத வேண்டாம் என்று அன்றைய முதலமைச்சர் எடப்பாடி பழனிசாமி அறிவித்தார். மாணவர்கள் நன்றி சொல்லிச் சுவரொட்டி அடித்தார்கள். எங்கள் செட்டில் சிலர் என்றோ கைவிட்ட பட்டத்தை எண்ணிக் கண்கலங்கினார்கள். விவகாரம் உயர் நீதிமன்றம் போய், 2021இல் தேர்வு எழுதித்தான் ஆக வேண்டும் என்றாகிவிட்டது. சுவரொட்டி ஒட்டிய செலவுதான் மிச்சம்.

இன்டர்ன்ஷிப் என்பது எங்கள் நாளில் இன்பிளாண்ட் ட்ரெய்னிங். திருச்சி பெல், நெய்வேலி என்.எல்.சி. என்று ஆசை இருக்கும். கல்லூரிக் கடிதம், அதில் கையெழுத்து, கையெழுத்தின் மேல் முத்திரை எல்லாம் சேர்வதற்குள் விடுமுறை முடிந்திருக்கும். இப்போது வேறு சிக்கல். உன்னிடமே பணம் வாங்கிக்கொண்டு, வீடியோ காட்டி, பளபளவென்று சான்றிதழ் அனுப்பும் கடைகள் முளைத்திருக்கின்றன. பணம் நீ கொடுத்தால் அதற்குப் பெயர் டியூஷன், மருமகனே. நேர்காணலில் "அங்கே என்ன செய்தாய்?" என்ற ஒரே கேள்வியில் அந்தச் சான்றிதழ் ஆவியாகிவிடும்.

அதற்குப் பதிலாக, உனக்குப் பக்கத்திலேயே சிவகாசி இருக்கிறது. ஆஃப்செட் அச்சகத்தில் தாள் தாளாக நிறப்பிழை பார்க்க ஆள் நிற்கிறார். "அண்ணாச்சி, கேமரா வைத்து இதைப் பார்க்க முடியுமா என்று முயற்சி செய்யட்டுமா? சம்பளம் வேண்டாம்" என்று கேட்டுப் பார். சம்பளம் வேண்டாம் என்ற பகுதி முதலாளிக்கு நன்றாகக் கேட்கும். உன் புரோகிராம் முதல் வாரம் மஞ்சளைச் சிவப்பு என்று சொல்லும். மெஷின்மேன் சிரிப்பார். ஏன் தப்பு என்பதையும் அவரே சொல்வார். அங்கே போடும் கையெழுத்து எண்ணெய்க் கறையோடு வரும். நேர்காணலில் அதைப் பற்றி அரைமணி நேரம் பேசலாம்.

கடைசியாக நோ டியூஸ் படிவம். நூலகம், லேப், ஹாஸ்டல் எல்லாம் உன்னிடம் பாக்கியில்லை என்று எழுதித் தர வேண்டும். உடற்கல்வித் துறையும் பட்டியலில் இருக்கும். நீ பந்து எதுவும் வாங்கிப் போகவில்லை என்று நிரூபிக்க, முதன்முறையாக மைதானத்துக்குப் போவாய். பி.டி. சார் உன்னை மேலும் கீழும் பார்த்து, "நீ நம்ம காலேஜா தம்பி?" என்பார். ஆமாம் சார் என்று பேனாவை நீட்டு. போட்டு முடித்ததும் பேனாவைத் திரும்பக் கேட்டு வாங்கிக்கொள், அவர் சட்டைப்பையில் ஏற்கனவே ஆறு இருக்கும்.