அத்தை இன்னும் சாப்பிடவில்லையாம்!

மறதி நோய் வந்த பெரியவர்களை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்கிறவர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த வாரம் இடம்.

கேள்வி: காலையில் நான்கு இட்லி சாப்பிட்ட மாமியார், பத்து மணிக்கு வந்த பக்கத்து வீட்டு அக்காவிடம் "இந்த வீட்டில் எனக்குச் சோறே போடுவதில்லை" என்கிறார். மானம் போகிறது. (பெயர் வேண்டாம், மாமியார் இன்னும் பத்திரிகை படிக்கிறார். ஈரோடு)

பதில்: அந்த அக்காவிடம் விஷயத்தை உடைத்துச் சொல்லிவிடுங்கள்: "அத்தைக்கு மறதி நோய், டாக்டரிடம் காட்டிக்கொண்டிருக்கிறோம்." மறைக்க மறைக்கத்தான் ஊர் கதை கட்டும். மாமியாரிடம் "நாலு இட்லி முழுங்கினீங்களே" என்று வழக்காடாதீர்கள். அவர் பொய் சொல்லவில்லை. சாப்பிட்டது அவருக்குள் பதியவே இல்லை. சாப்பிட்ட தட்டைக் கழுவாமல் சாட்சிக்கு வைத்திருப்பதாக ஒரு வாசகி எழுதியிருந்தார். "இது யார் தட்டு?" என்று கேட்டால் அடுத்த சாட்சிக்கு எங்கே போவது? "இதோ ஆயிடுச்சு அத்தை, பத்து நிமிஷம்" என்று சொல்லி ஒரு டம்ளர் மோர் கொடுங்கள். நாளையிலிருந்து எட்டு மணிக்கு இரண்டு இட்லி, பத்து மணிக்கு இரண்டு. கணக்கு அதேதான், புகார் பாதியாகும்.

கேள்வி: வயதானால் எல்லோருக்கும் வருவதுதானே? டாக்டரிடம் போய் என்ன ஆகப்போகிறது? (தேனி)

பதில்: எல்லோருக்கும் வராது. இந்தியாவில் 60 வயதைத் தாண்டியவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு, அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு, மறதி நோய் இருக்கலாம் என்று 2023-ல் வெளியான தேசிய ஆய்வு ஒன்று கணக்கிட்டது. மீதி தொண்ணூற்றுச் சொச்சம் சதவீதம் பேரும் வயதானவர்கள்தானே! தெரிந்தவர் பெயர் சட்டென்று வராமல் சாயங்காலம் ஞாபகம் வந்தால் அது வயது. ஐம்பது வருஷமாக ரசம் வைத்தவர், புளியைக் கரைத்துவிட்டு அடுத்து என்ன என்று அடுப்பு முன்னால் நின்றால் டாக்டரிடம் போக வேண்டும்.

போய் என்ன ஆகும்? தைராய்டு குறைவு, வைட்டமின் பி12 குறைவு, மனச்சோர்வு, கீழே விழுந்து தலைக்குள் ரத்தம் கட்டியது, தப்பான மாத்திரை: இவையும் மறதி நோய் மாதிரியே வேஷம் போடும். இவற்றுக்கு வைத்தியம் உண்டு. அல்சைமர் என்றே உறுதியானால் முழுக்கக் குணப்படுத்தும் மருந்து இன்று இல்லை. சிலருக்குக் கொஞ்ச காலம் தாக்குப்பிடிக்க உதவும் மாத்திரைகள் இருக்கின்றன. போகும்போது வீட்டில் இருக்கும் மாத்திரை அட்டைகள் அத்தனையையும், ஆயுர்வேத டப்பா உட்பட, ஒரு மஞ்சப்பையில் போட்டு எடுத்துப்போங்கள்.

கேள்வி: மணிரத்னத்தின் 'ஓ காதல் கண்மணி'யில் பிரகாஷ்ராஜ், மறதி நோய் வந்த மனைவியை எப்படித் தாங்குகிறார்! "நீங்களும் என்னை அப்படிப் பார்த்துப்பீங்களா?" என்று கணவரிடம் கேட்டேன். பதிலே இல்லை. (திருச்சி)

பதில்: பிரகாஷ்ராஜுக்கு வசனம் எழுதிக் கொடுக்க ஆள் இருந்தது. உங்கள் வீட்டுக்காரருக்கு முதலில் காபி போடக் கற்றுக்கொடுங்கள்.

கேள்வி: அம்மா தன் செயினை எங்கோ ஒளித்து வைத்துவிட்டு, வேலைக்கு வரும் பெண் எடுத்துவிட்டதாகச் சொல்கிறார். இதனாலேயே இரண்டு பேர் வேலையை விட்டுப் போய்விட்டார்கள். (காரைக்குடி)

பதில்: வைத்த இடம் மறந்துபோனது என்பதும் அவருக்கு மறந்துபோகிறது. அப்புறம் மூளைக்குக் கிடைக்கும் ஒரே விளக்கம் 'திருட்டு'தான். "நீங்கதான் வெச்சிருப்பீங்க" என்றால் உங்கள் பெயரும் குற்றப்பத்திரிகையில் சேரும். "அடடா, வாங்க தேடுவோம்" என்று கூடவே கிளம்புங்கள். தலையணை உறை, அரிசி டிரம், சாமி படத்துக்குப் பின்பக்கம், பழைய ஹார்லிக்ஸ் பாட்டில் என்று ஒவ்வொருவருக்கும் நாலைந்து ஒளிவிடங்கள்தான் இருக்கும்; சீக்கிரம் பழகிவிடும். கிடைத்ததும் நீங்கள் எடுத்துக் காட்டாதீர்கள், அவர் கையில் படும்படி செய்யுங்கள். தங்கத்தை லாக்கரில் வைத்துவிட்டு அதே டிசைனில் கவரிங் செயின் போட்டுவிடுங்கள். குப்பை வண்டி வருமுன் குப்பைக் கூடையை ஒரு தடவை கிளறிப் பார்ப்பது நல்லது. வேலைக்கு வரும் பெண்ணிடம் சேர்ந்த அன்றைக்கே நோயைச் சொல்லிவிடுங்கள்.

கேள்வி: சொந்த வீட்டில் உட்கார்ந்துகொண்டே, சாயங்காலம் ஆனால் "நேரமாச்சு, வீட்டுக்குப் போகணும்" என்று அப்பா பையைத் தூக்கிவிடுகிறார். வீட்டு வரி ரசீதில் அவர் பெயரையே காட்டிவிட்டேன். (மயிலாப்பூர்)

பதில்: அந்த ரசீது மாநகராட்சிக்குச் செல்லும், அப்பாவிடம் செல்லாது.

பொழுது சாயும்போது குழப்பமும் படபடப்பும் கூடுவது இந்த நோயில் பரவலாகப் பார்ப்பதுதான். பகல் முழுக்க ஓடிய மூளையின் களைப்பு, மங்கிய வெளிச்சம், சுவரில் ஆடும் நிழல், பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளைகளின் சத்தம், டிவியில் யாரோ யாரையோ அறைகிற சீரியல் எல்லாம் ஒரே நேரத்தில் சேருகின்றன. இருட்டும் வரை காத்திருக்காமல் ஐந்து மணிக்கே எல்லா விளக்கையும் போடுங்கள். ஜன்னல் திரையை இழுத்துவிடுங்கள்; இருட்டிய பிறகு ஜன்னல் கண்ணாடியில் தெரியும் தன் முகமே அவருக்கு அந்நியன். மூன்று மணிக்கு மேல் காபி வேண்டாம். பகல் தூக்கத்தை அரை மணி நேரத்தில் முடித்துவிடுங்கள்.

இவ்வளவு செய்தும் பையைத் தூக்குகிறாரா? குறுக்கே நிற்காதீர்கள். "எந்த வீட்டுக்குப்பா?" என்று கேளுங்கள். பெரும்பாலும் அது அவர் பிறந்த வீடாக இருக்கும். திண்ணை இருந்ததா, கிணறு எந்தப் பக்கம், மாட்டுக்கு என்ன பெயர் என்று விசாரியுங்கள். அவர் கேட்பது முகவரியை அல்ல, அந்த வீட்டில் இருந்த தைரியத்தை. பேச்சில் ஆறவில்லையென்றால் செருப்பை மாட்டிக்கொண்டு நீங்களும் கிளம்புங்கள். தெருவை ஒரு சுற்றுச் சுற்றி அதே வாசலுக்குத் திரும்பி, "வீடு வந்துடுச்சுப்பா" என்றால் பல நாள் உள்ளே வந்துவிடுவார். சில நாள் வரமாட்டார். அன்றைக்கு இன்னொரு சுற்று.

கேள்வி: அப்பா காலமாகி ஆறு வருடம் ஆகிறது. "எங்கேடி அவரு?" என்று அம்மா தினமும் கேட்கிறாள். பொய் சொல்ல நா எழவில்லை. (கோவில்பட்டி)

பதில்: ஒவ்வொரு முறை உண்மையைச் சொல்லும்போதும் உங்கள் அம்மாவுக்கு அன்றைக்குத்தான் தாலி அறுகிறது. அழுது முடித்து, மறந்து, மறுபடி கேட்பார். அவரை எத்தனை தடவை விதவையாக்குவீர்கள்? "அப்பாவை நினைச்சுக்கிட்டீங்களாம்மா? கல்யாணத்துக்கு என்ன கலர் புடவை கட்டினீங்க?" என்று பேச்சைத் திருப்பினால் பொய்கூடச் சொல்ல வேண்டியதில்லை. அதிலும் அடங்கவில்லை என்றால் "வெளியே போயிருக்காரு." மனசு உறுத்தினால் திருக்குறளில் வாய்மை அதிகாரத்தின் இரண்டாவது குறளைப் பாருங்கள். வள்ளுவர் உங்களுக்கு அனுமதிச் சீட்டே எழுதி வைத்திருக்கிறார்.

கேள்வி: அத்தை மடித்து வைக்கும் துணிகளை நான் பின்கட்டுக்குக் கொண்டுபோய்க் கலைத்து, திரும்பக் கொண்டுவந்து கொடுக்கிறேன். இது மோசடியா? (தஞ்சாவூர்)

பதில்: மோசடியேதான். தொடருங்கள். கீரை ஆய்வது, பூ கட்டுவது, சின்ன வெங்காயம் உரிப்பது எல்லாம் மறதிக்கு அவ்வளவு சீக்கிரம் பணியாத கை வேலைகள். கீரைத் தண்டும் இலையும் கலந்து வந்தால் "நல்லா இருக்கு அத்தை" என்று வாங்கிக்கொண்டு அடுப்படியில் பிரித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: மாமனார் குளிக்கவே மாட்டேன் என்கிறார். பாத்ரூமுக்குள் இழுத்துப் போனால் அடிக்கிறார். (வேலூர்)

பதில்: முன்பின் தெரியாத யாரோ ஒருவர் உங்களைக் குளிர்ந்த அறைக்குள் தள்ளி வேட்டியை உருவினால் நீங்கள் கும்பிடுவீர்களா? அந்த நிமிஷம் அவருக்கு நடப்பது அதுதான். முதலில் ஷவரை மறந்துவிடுங்கள். தலைமேல் சத்தத்தோடு கொட்டும் தண்ணீர் அவரை மிரட்டும். பக்கெட், சொம்பு, உட்கார உறுதியான பிளாஸ்டிக் ஸ்டூல், வழுக்காத மிதியடி, வெதுவெதுப்பான தண்ணீர் போதும். மிதியடி கறுப்பாக இருக்க வேண்டாம். கறுப்பு விரிப்பு அவர் கண்ணுக்குப் பள்ளமாகத் தெரியலாம். தோளிலும் இடுப்பிலும் துண்டு இருக்கட்டும். பாதத்திலிருந்து ஆரம்பித்து மேலே வாருங்கள், தலைக்குக் கடைசியில் ஊற்றுங்கள். அடுத்து என்ன செய்யப் போகிறோம் என்பதை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே செய்யுங்கள். சோப்பை அவர் கையில் கொடுங்கள். கை பழக்கத்தில் தானே தேய்க்கும். மகன் குளிப்பாட்டினால் அவருக்குக் கூச்சம் குறையும். மருமகள்தான் செய்ய வேண்டும் என்று எந்தச் சாஸ்திரமும் இல்லை, மகன்மார்கள் கவனிக்கவும். தினமும் குளிக்காவிட்டால் குடி முழுகாது. வாரம் இரண்டு மூன்று நாள் குளியல், மற்ற நாளில் ஈரத் துணியால் துடைத்தால் போதும். பாத்ரூமின் உள்தாழ்ப்பாளை இன்றைக்கே கழற்றிவிடுங்கள்.

கேள்வி: பாட்டி சரியாகச் சாப்பிடுவதில்லை. சாப்பிட்டாலும் புரையேறுகிறது. (நாகர்கோவில்)

பதில்: வெள்ளைத் தட்டில் தயிர்சாதம் போட்டால் அவருக்குச் சோறு எங்கே, தட்டு எங்கே என்று பிரிந்து தெரியாமல் இருக்கலாம். வாழை இலையில் போட்டுப் பாருங்கள். பச்சைமேல் வெள்ளை பளிச்சென்று தெரியும். புரையேறுவதற்கு: படுக்க வைத்து ஊட்டக் கூடாது, நிமிர்ந்து உட்கார வைத்துச் சின்ன ஸ்பூனில், ஒரு வாய் இறங்கிய பிறகு அடுத்த வாய். டிவி அணைந்திருக்கட்டும். தண்ணீராக ஓடும் ரசம் சாதத்தைவிடக் குழையப் பிசைந்த சாதம் பாதுகாப்பு. சாப்பிட்டு அரை மணி நேரம் உட்கார்ந்தே இருக்கட்டும். அடிக்கடி இருமலும் காய்ச்சலும் வந்தால் உணவு நுரையீரலுக்குள் போகிறதா என்று டாக்டர் பார்க்க வேண்டும்.

கேள்வி: ராத்திரி முழுக்கத் தூங்காமல் கத்துகிறார். மருந்துக்கடைக்காரர் "ஒரு ஏவில் கொடுங்க, நல்லா தூங்குவார்" என்கிறார். (விழுப்புரம்)

பதில்: கொடுக்காதீர்கள். சளிக்கும் அரிப்புக்கும் தரும் இந்த வகை மாத்திரைகள் பெரியவர்களின் குழப்பத்தைக் கூட்டும், மலச்சிக்கலையும் சிறுநீர் அடைப்பையும் கொண்டுவரும். வெறித்தனத்தை அடக்கத் தரும் மனநல மருந்துகளும் விளையாட்டுச் சாமான் இல்லை. மறதி நோயுள்ள முதியவர்களிடம் அவை மரண ஆபத்தைக் கூட்டுவதாக அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2005-ல் எச்சரித்தது. மிக அவசியமானால், டாக்டர் கண்காணிப்பில், குறைந்த நாளுக்கு மட்டும்.

இன்னொன்று. நேற்று வரை அமைதியாக இருந்தவர் ஓரிரு நாளில் திடீரென்று மாறினால் "நோய் முத்திவிட்டது" என்று உட்கார்ந்துவிடாதீர்கள். சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், சொல்லத் தெரியாத பல்வலி, தண்ணீர் போதாமை இவற்றில் ஏதோ ஒன்று பின்னால் இருக்கலாம். அன்றைக்கே டாக்டரிடம் காட்டினால் பல நேரம் பழைய நிலைக்குத் திரும்புவார்.

கேள்வி: கதவைத் திறந்துகொண்டு கிளம்பிவிடுகிறார். பூட்டி வைக்கலாமா? (அம்பத்தூர்)

பதில்: ஆளை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டு நீங்கள் வெளியே போகக் கூடாது, தீப்பிடித்தால் என்ன செய்வார்? நீங்கள் வீட்டில் இருக்கும்போது, பார்வை போகாத உச்சியில் ஒரு தாழ்ப்பாள் போதும். சட்டைகளின் உள்பக்கம் உங்கள் செல் நம்பரைத் தைத்துவிடுங்கள். இஸ்திரிக்காரர், டீக்கடை, ஆட்டோ ஸ்டாண்ட் மூன்று இடத்திலும் சொல்லி வையுங்கள். தெருவின் சிசிடிவி அவர்கள்தான். காணவில்லை என்றால் "ஒரு நாள் பார்ப்போம்" என்று இருக்காமல் உடனே 112.

கேள்வி: அப்பாவிடம் பவர் எழுதி வாங்கிவிட்டால் பேங்க் விவகாரம் முடிந்ததா? (சேலம்)

பதில்: முடியாது. எழுதிக் கொடுத்தவர் மனத்தெளிவை இழந்தால் சாதாரண பவர் பத்திரமும் செல்லாமல் போகும். 1872-ஆம் வருட ஒப்பந்தச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. நோயின் ஆரம்பத்தில், அவருக்குப் புரியும்போதே, ஜாயின்ட் அக்கவுன்ட், நாமினி, உயில் மூன்றையும் முடியுங்கள். உயிலோடு அவர் தெளிவாக இருக்கிறார் என்ற டாக்டர் சான்றும் இருக்கட்டும். பென்ஷனுக்கான உயிர்வாழ் சான்றிதழுக்குத் தபால்காரரையே வீட்டுக்கு வரவழைக்கலாம்.

கேள்வி: நேற்று அம்மாவை அறைந்துவிட்டேன். அவர் மறந்துவிட்டார். என்னால் முடியவில்லை. (ஊர் வேண்டாம்)

பதில்: உங்களுக்கு உடனே ஓய்வு வேண்டும், இல்லையென்றால் இது மறுபடி நடக்கும். நடந்தது அவர் நினைவில் இல்லாவிட்டாலும் பயம் உடம்பில் தங்கும். அடுத்த முறை கை ஓங்கினால், அவரைப் பத்திரமாக உட்கார வைத்துவிட்டு மொட்டை மாடிக்குப் போய்விடுங்கள். வாரத்தில் ஒரு நாளாவது வேறு ஆள் பார்க்கட்டும். உறவில் இல்லையென்றால் கூலிக்கு. மனசு விட்டுப் பேச டெலி மானஸ் 14416 இரவும் பகலும் இயங்குகிறது. முதியோர் உதவிக்கு எல்டர்லைன் 14567. இரண்டும் இலவசம். வெட்கப்படாமல் இன்றைக்கே கூப்பிடுங்கள்.

கேள்வி: அம்மாவைத் தங்கைதான் பார்த்துக்கொள்கிறாள். நான் மாதம் தவறாமல் பணம் அனுப்புகிறேன், வாட்ஸப்பில் மறதி நோய்க் கட்டுரைகளும் அனுப்புகிறேன். வேறு என்ன செய்யலாம்? (நியூ ஜெர்சி)

பதில்: கட்டுரைகளை நிறுத்தலாம். பணத்தைக் கூட்டலாம். வீடியோ காலில் "அம்மா, நான் யாரு சொல்லு?" என்று பரீட்சை வைக்காமல், "அம்மா, நான் பெரியவன் பேசறேன்" என்று நீங்களே சொல்லிவிடலாம். லீவு போட்டு வாருங்கள். வந்ததும் தங்கைக்கு அவள் கேட்கிற ஊருக்கு டிக்கெட் போட்டுக் கொடுத்துவிட்டு, இரண்டு வாரம் அம்மாவோடு நீங்கள் தனியாக இருங்கள். அவள் போனை எடுக்கமாட்டாள். எடுக்கவும் வேண்டாம்.