மிகுசெடி ஈகை: தாம்பரம் சுற்றுவட்டாரத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

1. ஆய்வின் நோக்கம்

பல்லாவரம் தொடங்கி வண்டலூர் வரை, ஜி.எஸ்.டி. சாலையின் இரு பக்கமும் உள்ள தனிவீடுகளில் ஒரு நிகழ்வு இடைவிடாமல் நடந்துவருகிறது. வந்த விருந்தாளி விடைபெற்று ஒரு காலில் செருப்பை மாட்டியதும், வீட்டுக்காரரிடமிருந்து "ஒரு நிமிஷம் இருங்க, ரெண்டு கொம்பு ஒடிச்சுத் தர்றேன்" என்ற வாசகம் வெளிப்படுகிறது. மறு காலுக்குச் செருப்பு ஏறுவதற்குள் செய்தித்தாளில் சுற்றிய கற்பூரவல்லி கைக்கு வந்துவிடுகிறது. விருந்தாளி அதைக் கேட்கவில்லை. அவர் வீட்டில் அது ஏற்கெனவே இருக்கிறது. அங்கே இருப்பதும் இதே வீட்டிலிருந்து, இதே முறையில், போன பொங்கலுக்குப் போனதுதான்.

இந்நிகழ்வை 'மிகுசெடி ஈகை' என இக்கட்டுரை குறிப்பிடும். தொட்டியின் கொள்ளளவையும் சமையலறையின் தேவையையும் வீட்டிலுள்ள ஏனையோரின் பொறுமையையும் தாண்டி வளர்ந்துவிட்ட பல்லாண்டுச் செடியோ மூலிகையோ மிகுசெடி எனப்படும். கத்தரியும் வெண்டையும் இவ்வரையறைக்குள் வாரா. அவை மிகுந்தால் சாம்பாராகிவிடும்; கற்பூரவல்லியை அவ்வாறு தீர்க்க முயன்றோர் மூன்றாம் நாள் பஜ்ஜியோடு நிறுத்திக்கொண்டனர். இருப்பவருக்கே மறுபடியும் ஏன் கொடுக்கிறார்கள் என்பதே ஆய்வு வினா.

2. முன்னாய்வுகள்

இத்துறையில் முன்னாய்வுகள் குறைவு. இருப்பனவும் கொம்பைத் தொடாமல் விலகிச் செல்கின்றன. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த ராபர்ட் புரூஸ் ஃபூட் 1863 மே 30 அன்று பல்லாவரத்தில் ஒரு கற்கருவியைக் கண்டெடுத்தார். இந்தியாவின் பழைய கற்கால ஆய்வு அதிலிருந்துதான் தொடங்குகிறது. கிளை வெட்டும் கருவி இவ்வட்டாரத்தில் மிகத் தொன்மையானது என்பது இதனால் பெறப்படும். வெட்டிய கிளை யார் வீட்டுக்குப் போயிற்று என்பதை ஃபூட் பதிவு செய்யாமல் விட்டது பெருங்குறை.

பிரெஞ்சு அறிஞர் மார்செல் மோஸ் 1925இல் எழுதிய கொடை பற்றிய கட்டுரையில் மூன்று கடமைகளை வகுத்தார்: கொடுப்பது, ஏற்பது, திருப்பிச் செய்வது. அதற்கு மூன்று ஆண்டுகள் முன்பு மானிடவியலாளர் மாலினோவ்ஸ்கி, நியூகினியாவுக்குக் கிழக்கேயுள்ள தீவுகளில் சங்கு மாலைகள் வலமாகவும் சங்கு வளைகள் இடமாகவும் ஆண்டுக்கணக்கில் கைமாறிச் சுற்றிவருவதை எழுதினார். அவர் அத்தனை தூரம் கப்பலேறியிருக்க வேண்டியதில்லை. சிட்லபாக்கத்தில் வாடகைக்கு ஒரு போர்ஷன் எடுத்துத் தங்கியிருந்தால், கறிவேப்பிலைக் கன்று ஒரு திசையிலும் சோற்றுக்கற்றாழை மறு திசையிலும் சுற்றுவதைத் திண்ணையிலிருந்தே பார்த்திருக்கலாம்.

தமிழ் மரபுக்கு வந்தால், பாரி முல்லைக்குத் தேர் கொடுத்தான். அது செடிக்குக் கொடுத்த கொடை. நம் பொருளோ செடியைக் கொடுக்கும் கொடை. அதியமான் ஔவைக்கு நெல்லிக்கனி கொடுத்தான். அவனிடம் இருந்தது ஒன்றே ஒன்று. அது தியாகம் என்ற வகையில் அடங்கும். மிச்சம் இல்லாத இடத்தில் இவ்வாய்வுக்கு வேலையில்லை.

3. ஆய்வுக்களம்

தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் ஆகிய நகராட்சிகளையும் சிட்லபாக்கம், மாடம்பாக்கம், பெருங்களத்தூர் உள்ளிட்ட ஐந்து பேரூராட்சிகளையும் இணைத்து 2021இல் தாம்பரம் மாநகராட்சி உருவாக்கப்பட்டது. இவ்வூர்களைக் கற்பூரவல்லி அதற்குப் பல ஆண்டுகள் முன்பே இணைத்துவிட்டது.

களத்தின் பெயர்களில் ஒன்று சானடோரியம். 1928இல் டாக்டர் சௌரிமுத்து காசநோயாளிகளுக்காகத் தொடங்கிய மருத்துவமனையால் அப்பெயர் வந்தது. நெஞ்சுநோய் மருத்துவமனையால் பெயர்பெற்ற வட்டாரத்தில் சளிக்கான மூலிகையே முதன்மை நாணயமாகப் புழங்குவதைத் தற்செயல் என்று தள்ளிவிட முடியாது எனச் சிலர் வாதிடக்கூடும். தள்ளிவிடலாம் என்பதே இவ்வாய்வாளரின் துணிபு.

4. மிகுசெடிகளின் வகைப்பாடு

கைமாறும் முறையை வைத்து இவற்றை நால்வகைப்படுத்தலாம்.

முதலாவது, வற்புறுத்திக் கொடுக்கப்படுவன. கற்பூரவல்லி, சோற்றுக்கற்றாழை, பிரண்டை, ரணகள்ளி ஆகியவை இதில் அடங்கும். கற்பூரவல்லியின் ஒவ்வொரு கணுவும் ஈரம் பட்டால் வேற்றிட வேர் விடும். கற்றாழை அடியில் பக்கக்கன்றுகளைத் தள்ளிக்கொண்டே இருக்கும். பிரண்டைத் துண்டை வெட்டுவாய் உலரும்வரை நிழலில் போட்டுவிட்டு நட்டால் போதும். அதைத் துவையலாக்க நினைப்பவர் கையில் நல்லெண்ணெய் தடவிக்கொள்ளாவிட்டால் அரிப்பு வேறு. ரணகள்ளிக்குக் கொம்புகூட வேண்டாம். இலையைத் தரையில் போட்டால் விளிம்பெல்லாம் குட்டிச்செடிகள் முளைக்கும். ஜெர்மானியக் கவிஞர் கதே இதில் மயங்கி, வைமர் நகரிலிருந்து தம் நண்பர்களுக்கெல்லாம் இதன் குட்டிகளைக் கொடுத்தார். மிகுசெடி ஈகை படிப்பறிவு குறைந்தோரின் பழக்கம் என்ற எண்ணம் இதனால் தகர்கிறது.

இரண்டாவது, களவில் மட்டுமே செல்வன. மணி பிளான்ட் இதன் ஒரே உறுப்பு. கேட்டு வாங்கினால் வராது, தெரியாமல் ஒடித்து வந்தால்தான் வீட்டில் காசு தங்கும் என்பது நம்பிக்கை. எனவே உரிமையாளர் அதை வேலிக்கு வெளியே படரவிட்டு, திருடுவோர் வரும் நேரத்தில் உள்ளே போய்விடுவதே உயர்ந்த பண்பாடாகக் கருதப்படுகிறது. பிரெஞ்சு பாலினீசியாவின் மோரியா தீவில் தோன்றிய இக்கொடி, பூக்கத் தூண்டும் ஜிப்ரலின் என்ற ஹார்மோனைப் போதிய அளவு சுரக்காததால் பெரும்பாலும் பூப்பதே இல்லை. பூ இல்லையேல் விதை இல்லை. ஆகவே உலகத்து வீடுகளிலுள்ள மணி பிளான்ட்கள் யாரோ ஒருவர் கொடுத்தோ, விற்றோ, திருடியோ வந்தவைதான்.

மூன்றாவது, தாமே செல்வன. கறிவேப்பிலை வேரிலிருந்து கன்று விடும். காம்பவுண்டு சுவர் அதற்குப் பொருட்டில்லை. பழத்தைக் குயில் தின்று மற்ற தெருக்களில் விதைக்கும். இந்நிலையில் கொடுத்த புண்ணியம் மரத்துக்காரருக்கா, குயிலுக்கா என்பது தனி ஆய்வுக்குரியது.

நான்காவது, காட்சிக்குப் பின் கொடுக்கப்படுவன. பிரம்மகமலம் என்று இங்கே அழைக்கப்படுவது மெக்சிகோ பகுதியைச் சேர்ந்த ஒரு கள்ளி. இமயமலையின் உண்மையான பிரம்மகமலத்துக்கும் இதற்கும் உறவில்லை. இரவில் மலர்ந்து விடிவதற்குள் வாடிவிடும். ஆகவே பத்து மணிக்கு மேல் "அக்கா, பூத்துடுச்சு, வாங்க" என்று தெருவுக்கே தகவல் போகும். நைட்டிமேல் துண்டைப் போட்டுக்கொண்டு வந்து பார்த்தவர்கள் ஆளுக்கொரு இலையுடன் திரும்புவார்கள். அவ்விலையை மண்ணில் செருகினாலே வேர்பிடிக்கும்.

5. காலமும் கலமும்

விளக்கு வைத்த பிறகு செடியைத் தொடக் கூடாது. வெள்ளிக்கிழமையில் வீட்டுப் பொருளை வெளியே கொடுக்கக் கூடாது. இவ்விரு விதிகளும் பரவலாகப் பின்பற்றப்படுகின்றன. ஆனால் பல்லாவரத்தில் பழைய மின்விசிறி முதல் ரோஜாப் பதியன் வரை விற்கும் சந்தை கூடுவது வெள்ளிக்கிழமையன்றுதான். ஒரே நாளில் கொடுக்கத் தடையும் வாங்கச் சந்தையும் அமைந்திருப்பது, விலைக்கு வருவதும் கொடையாக வருவதும் ஒன்றோடொன்று மோதாமலிருக்க முன்னோர் வகுத்த ஏற்பாடு எனக் கொள்ளலாம். முன்னோர் இதைப் பற்றி நினைத்தார்களா என்பது வேறு செய்தி.

கலத்தைப் பொறுத்தவரை, பாத்திரத்தில் பண்டம் வந்தால் வெறும் பாத்திரமாகத் திருப்பித் தரக் கூடாது என்பது வீட்டு வழக்கம். செடியோ அடியில் ஓட்டை போட்ட ஆவின் பால் கவரிலும் பெயிண்ட் டப்பாவிலும் வருகிறது. டப்பாவைத் திருப்பித் தர வேண்டியதில்லை. ஆதலால் கணக்கும் முடிவதில்லை. மோஸ் கூறிய மூன்றாம் கடமை தாம்பரத்தில் முடிவற்றுத் தள்ளிப்போவதற்கு இதுவே காரணம்.

6. வாய்மொழி மருத்துவக் குறிப்பு

மூலிகை தனியே வருவதில்லை. "சளிக்கு நல்லது" என்று ஒரு வீட்டை விட்டுப் புறப்படும் இலை, அடுத்த வீட்டில் "சுகருக்கும் கேக்குமாம்" என்று வளர்ந்து, மூன்றாம் வீட்டில் "எங்க மச்சினருக்குக் கல்லே கரைஞ்சிடுச்சு" என்ற நிலையை எட்டுகிறது. ஆக, செடி ஒரு மடங்கு பரவினால் அது தீர்க்கும் நோய்கள் இரு மடங்கு பரவுகின்றன.

இவ்விடத்தில் மட்டும் ஆய்வாளர் விளையாட்டை நிறுத்திக்கொள்கிறார். கல்லுக்கென்று கைமாறும் ரணகள்ளியில் இதயத்தைத் தாக்கக்கூடிய நச்சுப்பொருள்கள் உண்டு. அதை மேய்ந்து கால்நடைகள் இறந்திருக்கின்றன. துவையல், ரசம் என்ற எல்லையைத் தாண்டி எதையும் மருந்தாகச் சாப்பிடுமுன், 2005இல் சானடோரியத்தில் திறக்கப்பட்ட தேசிய சித்த மருத்துவ நிறுவனத்தில் காட்டிக் கேட்டுக்கொள்ளலாம். மச்சினர் மருத்துவர் அல்லர்.

7. கருதுகோள்களும் சோதனையும்

கருதுகோள் ஒன்று: இது தாராள மனத்தின் வெளிப்பாடு. இதை ஏற்பதற்கில்லை. கற்பூரவல்லியைக் கையில் திணிக்கும் அதே வீட்டில், அடுக்குச் செம்பருத்தியின் அரிய நிறத்தில் ஒரு கொம்பு கேட்டுப் பாருங்கள். "அது இப்ப ஒடிக்கக் கூடாதுங்க, மழைக்கு அப்புறம் பாக்கலாம்" என்ற விடை வரும். எத்தனை மழை கழிந்தாலும் அவ்விடை மாறுவதில்லை.

கருதுகோள் இரண்டு: இடநெருக்கடி. 2400 சதுர அடி கொண்ட ஒரு கிரவுண்டில் வீடும் கிணறும் போர்வெல்லும் ஸ்கூட்டரும் போக மீதமுள்ள மண்ணில் செடி நெருக்குகிறது, எனவே தள்ளிவிடுகிறார்கள். கேட்க நியாயமாக இருந்தாலும் தாவரவியல் இதை முறியடிக்கிறது. கொம்பின் நுனியில் உண்டாகும் ஆக்சின் என்ற ஹார்மோன் பக்கமொட்டுகளை அடக்கிவைத்திருக்கிறது. நுனியை ஒடித்ததும் அடக்கம் நீங்கி, பக்கத்துக்கொரு கிளை கிளம்புகிறது. ஒரு கொம்பைக் கொடுத்தவருக்கு இரண்டு கொம்பு மிஞ்சுகிறது. மிச்சத்தைக் குறைக்கும் ஒவ்வொரு முயற்சியும் மிச்சத்தைக் கூட்டுவதால், இடத்துக்காக ஈவோர் இருந்திருந்தால் அவர்கள் எப்போதோ ஓய்ந்திருப்பர்.

கருதுகோள் மூன்று: இது காப்பீடு. நார்வேயின் ஸ்வால்பார்ட் தீவுக்கூட்டத்தில் 2008இல் ஓர் உலக விதைக் களஞ்சியம் திறக்கப்பட்டது. பனிமலைக்குள் உலக நாடுகளின் விதைகளின் நகல்கள் அதில் வைக்கப்பட்டுள்ளன. சிரியாவின் அலெப்போ அருகே இயங்கிய வேளாண் ஆய்வு மையம் போரால் முடங்கியபோது, தான் கொடுத்துவைத்த விதைகளை 2015 செப்டம்பரில் திரும்பக் கேட்டது. அக்களஞ்சியத்திலிருந்து விதை வெளியே எடுக்கப்பட்டது அதுவே முதல்முறை.

அதே ஆண்டு டிசம்பரில் அடையாற்று வெள்ளம் முடிச்சூருக்குள்ளும் வரதராஜபுரத்துக்குள்ளும் புகுந்தது. அத்தகைய வெள்ளத்தில் முதலில் மிதந்து போவது தொட்டிகள். தரையில் நட்டவை சேற்று நீர் வடிவதற்குள் வேரழுகிவிடும். மறு ஆண்டு டிசம்பர் 12 அன்று வார்தா புயல் மரங்களைச் சாய்த்தது. எஞ்சியதைக் கத்திரி வெயில் ஆண்டுதோறும் பார்த்துக்கொள்கிறது. இப்படித் தாய்ச்செடியை இழந்தவருக்கு ஒரே வழி, தாம் முன்பு கொடுத்த வீட்டுக்குப் போய் "உங்ககிட்ட இருக்கா?" என்று கேட்பது. கொம்பிலிருந்து வளர்ந்த செடி தாயின் மரபணு நகலே ஆதலால், அவர் திரும்பப் பெறுவது இன்னொரு செடியை அன்று, தம் செடியையே.

வீட்டை இடித்து ஃபிளாட் கட்டக் கொடுப்போர் சேலையூரிலும் குரோம்பேட்டையிலும் பெருகிவருவதால் இதன் தேவையும் பெருகுகிறது. இடிப்பதற்கு முந்தின வாரம் தெருவே தொட்டியும் மண்வெட்டியுமாய் வந்து நிற்கும். கட்டி முடித்து மூன்றாம் மாடிக்குக் குடிவந்ததும், பால்கனிக்கான முதல் துளசியும் முதல் கற்பூரவல்லியும் அன்று கொண்டுபோனவர்களிடமிருந்தே திரும்பி வரும்.

இக்கருதுகோள் முந்தைய புதிர்கள் அனைத்தையும் விடுவிக்கிறது. ஏற்கெனவே வைத்திருப்பவருக்கு ஏன் மறுபடி கொடுக்கிறார்கள்? நகல் கூடக் கூடப் பாதுகாப்பு கூடும். போகிற இடத்தில் எல்லாம் "நான் குடுத்தது வந்துச்சா?" என்று ஏன் கேட்கிறார்கள்? அது குசலம் அன்று, தணிக்கை. பட்டுப்போனது என்று சொன்னால் கோபிக்காமல் மறுபடி இரண்டு கொம்பு ஏன் நீட்டுகிறார்கள்? பாலிசி காலாவதியாகிவிடக் கூடாது. செம்பருத்தியை மறைப்பவர் மட்டும் இதில் தோற்றுப்போகிறார்: அவர் செடி போனால் கேட்க ஒரு வீடும் இல்லை.

8. முடிவும் பரிந்துரைகளும்

மிகுசெடி ஈகை என்பது கொடுப்பவர் தம் செடிக்குத் தாமே செய்துகொள்ளும் காப்பீடு என நிறுவப்பட்டது. இதனடிப்படையில் பின்வருவன பரிந்துரைக்கப்படுகின்றன. கொம்பு மூன்று கணுவேனும் இருக்கட்டும். கீழ்க்கணுவின் இலைகளைக் கிள்ளிவிடவும். கவரில் செடியின் பெயரை எழுதி ஒட்டவும். நோய்களின் பட்டியலை எழுத வேண்டாம். பக்கத்து வீட்டுக்கு மட்டும் கொடுப்பது பயனற்றது, ஏனெனில் வெள்ளம் அங்கும்தான் வரும். ரயில்பாதைக்கு அந்தப் பக்கம் இருப்பவருக்கோ மாடி வீட்டுக்காரருக்கோ ஒன்று சேர வேண்டும். அரிய நிறத்துச் செம்பருத்தி வைத்திருப்போர் இதை இரண்டு முறை படிக்கவும். மற்றவர்கள் ஐப்பசி மழைக்குள் குறைந்தது இரண்டு வீடுகளுக்குக் கொடுத்துவைத்துவிடுங்கள். பிரீமியம் இரண்டு கொம்புதான்.